ஸ்மார்ட் கண்ணாடி செய்வது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு திரையை வைத்து, நேரம், வானிலை, அன்றைய வேலைகள் ஆகியவை மட்டும் வெள்ளை எழுத்தில் தெரியும்படி செய்வதுதான் ஸ்மார்ட் மிரர். வீட்டிலேயே அதைச் செய்து பார்ப்பது பற்றிப் பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. பாதிப் பேர் மென்பொருளைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆனால் இந்த வேலை சொதப்புவது பெரும்பாலும் கண்ணாடியிலும் வெளிச்சத்திலும் சூட்டிலும்தான். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறோம்.

கேள்வி: கண்ணாடிக் கடையில் 'ஒன் வே கிளாஸ்' கேட்டால் ஜன்னலுக்குப் போடும் நீலக் கண்ணாடியைக் காட்டுகிறார்கள். அது போதுமா? வீட்டில் இருக்கும் பழைய முகக்கண்ணாடியின் பின்பூச்சைச் சுரண்டிவிட்டால் ஆகாதா?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: இரண்டுமே சரிவராது. சுரண்டிய இடம் வெறும் கண்ணாடி ஆகிவிடும். அங்கே முகம் தெரியாது, பின்னாலிருக்கும் திரையின் சட்டமும் வயரும்தான் தெரியும். ஜன்னல் கண்ணாடி வெயிலைத் தடுப்பதற்காக நிறம் ஏற்றியது. முகம் நீலமாகவோ பழுப்பாகவோ தெரியும், திரையின் எழுத்தும் மங்கும்.

உங்களுக்கு வேண்டியது நிறமில்லாத, வெள்ளிப்பூச்சு மெல்லியதாக உள்ள இருவழிக் கண்ணாடி, அதாவது முன்னால் முகத்தையும் காட்டி, பின்னாலிருந்து வரும் ஒளியையும் விடும் கண்ணாடி. மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பூச்சிட்ட அசல் கண்ணாடி. பிம்பம் சுத்தமாக இருக்கும், விலையும் எடையும் அதிகம். இரண்டாவது, 3 மி.மீ. இருவழி அக்ரிலிக் தகடு. எடை குறைவு, எளிதில் உடையாது, ஆனால் கீறும், வளையும். மூன்றாவது, 4 அல்லது 5 மி.மீ. சாதாரண தெளிந்த கண்ணாடியை வெட்டி வாங்கி, அதன் பின்பக்கம் வெள்ளி நிற மிரர் ஃபிலிம் ஒட்டுவது. முதல் முறை செய்பவருக்கு மூன்றாவதைத்தான் சொல்வோம். ஃபிலிம் ஒட்டுவதில் தவறு நேர்ந்தால் உரித்துவிட்டு மறுபடி ஒட்டலாம், கண்ணாடி அப்படியே இருக்கும்.

வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை. உங்கள் போனில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து உள்ள படம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி, கண்ணாடியின் பின்பக்கம் ஒட்டிப் பிடியுங்கள். போனைச் சுற்றிக் கறுப்புத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். எழுத்து பளிச்சென்று தெரிந்து, போனின் ஓரம் தெரியாமல் இருந்தால் வாங்கலாம். தெருவைப் பார்த்த பக்கம் நின்று சோதிக்காதீர்கள். எந்தக் கண்ணாடியும் வெயிலில் தோற்றுப்போகும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் விளங்கிவிடும். சாதாரண மானிட்டரின் வெளிச்சம் சுமார் 250 நிட் (நிட் என்பது திரையோ சுவரோ எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதன் அளவு). 30 சதவீத ஒளியை விடும் கண்ணாடி வழியே உங்கள் கண்ணுக்கு வருவது 75 நிட். 10 சதவீதம்தான் விடும் என்றால் 25. இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் எதிர்ச்சுவர் 30 நிட் அளவில் இருக்கும். அதில் பெரும்பகுதியைக் கண்ணாடி உங்கள் பக்கமே திருப்பி அனுப்புகிறது. பகலில் ஜன்னலை ஒட்டிய வெள்ளைச் சுவர் 150 நிட்டைத் தாண்டிவிடும். அந்த பிம்பத்தின் மேல் 25 நிட் எழுத்து எடுபடாது. ஆகவே ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டக் கூடாது. ஜன்னல் இருக்கும் அதே சுவரிலோ, பக்கவாட்டுச் சுவரிலோ மாட்டுங்கள்.

பூச்சு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றால் நகத்தை வைத்துப் பாருங்கள். நகமும் அதன் பிம்பமும் முட்டிக்கொண்டால் பூச்சு உங்கள் பக்கம். நடுவில் இடைவெளி தெரிந்தால் பூச்சு மறுபக்கம். அசல் பூச்சுக் கண்ணாடியில் பூச்சு ஆளைப் பார்த்து இருந்தால் இரட்டை பிம்பம் வராது. அக்ரிலிக்கிலும் ஃபிலிமிலும் பூச்சு திரைப் பக்கம் இருக்கட்டும். பிம்பம் துளி மங்கினாலும், தினமும் துடைக்கும் துணியிலிருந்து பூச்சு தப்பிக்கும்.

கேள்வி: ஃபிலிம் ஒட்டினேன். உள்ளே பொட்டுப் பொட்டாகக் குமிழியும் பனி மூட்டம் போலவும் இருக்கிறது. கழற்றிவிடலாமா?
(வாசகர், ஆரணி)

பதில்: பனி மூட்டம் என்றால் அது சிக்கிய தண்ணீர். சில நாளில் தானே வற்றும், விட்டுவிடுங்கள். பொட்டின் நடுவில் கறுப்புப் புள்ளி இருந்தால் அது தூசி, வற்றாது. அடுத்த முறை ஒட்டும்போது ஃபேனை நிறுத்திவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, முடிந்தால் குளியலறையிலேயே வைத்து ஒட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் நாலைந்து சொட்டு ஷாம்பு போதும். கண்ணாடியைப் பிளேடால் வழித்துக் கழுவி, அது சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே ஃபிலிமை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் கத்தியால் தள்ளுங்கள். ஃபிலிமைச் சுற்றிலும் ஒரு அங்குலம் பெரிதாக வைத்து ஒட்டி, கடைசியில் வெட்டுவதுதான் முறை.

கேள்வி: நான் தச்சு வேலை செய்கிறேன். ஒரு தம்பி மானிட்டரும் அக்ரிலிக்கும் கொடுத்து ஃபிரேம் கேட்கிறார். சாதாரணப் படச் சட்டம் போல அடித்துவிடலாமா? என்ன ஆழம் விடணும்?
(வாசகர், ஆற்காடு)

பதில்: நல்ல வேளை, அடிக்கும் முன் கேட்டீர்கள். இது ஆழமில்லாத பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள், படச் சட்டம் அல்ல.

ஆழம் இப்படிக் கூடும்: கண்ணாடி 3 முதல் 5 மி.மீ., உறை கழற்றிய பேனல் (மானிட்டருக்குள் இருக்கும் திரைத் தகடு) 15 முதல் 20 மி.மீ., அதன் பின்னால் சின்ன கம்ப்யூட்டரும் வயரும் 30 முதல் 35 மி.மீ. ஆக 6 செ.மீ. உள் ஆழம் இருந்தால் நிம்மதி. எச்டிஎம்ஐ வயரின் தலை நேராக இருந்தால் அது மட்டுமே 4, 5 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். 90 டிகிரி வளைந்த தலையுள்ள வயரை வாங்கி வரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டி தேவையில்லாமல் தடிக்கும்.

திரை தெரியும் அளவை அவர் சொன்ன அங்குலத்தை வைத்து எடுக்காதீர்கள், டேப் வைத்து அளந்து பாருங்கள். பொதுவாக 21.5 அங்குல மானிட்டரில் படம் தெரியும் பகுதி 47.6 x 26.8 செ.மீ., 24 அங்குலத்தில் சுமார் 53 x 30 செ.மீ., 15.6 அங்குல லேப்டாப் பேனலில் 34.4 x 19.4 செ.மீ.

அக்ரிலிக் வெயிலில் நீளும். 60 செ.மீ. தகடு 20 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. வளரும். இறுக்கமாகக் காடி வெட்டிப் பொருத்தினாலும், ஸ்க்ரூ போட்டு முடுக்கினாலும், அதற்கு நீள இடமில்லாமல் நடுவில் உப்பும். பொருட்காட்சியில் வைக்கும் சிரிப்புக் கண்ணாடி மாதிரி முகம் கோணலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். நான்கு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி விட்டு, பின்னாலிருந்து ரீப்பர் வைத்து மெதுவாக அணைத்தால் போதும். கண்ணாடிக்கும் ரீப்பருக்கும் நடுவே மெல்லிய ஃபோம் நாடா ஒட்டுங்கள்.

காற்று போக வழி அவசியம். அடிச்சட்டத்திலும் மேல்சட்டத்திலும் 10 மி.மீ. துளைகள் வரிசையாக, பக்கத்துக்குக் குறைந்தது எட்டு இருக்கட்டும். கீழே நுழையும் காற்று சூடேறி மேலே போகும். மேலே மட்டும் துளைத்தால் பயனில்லை. பின்பலகையும் சுவரோடு ஒட்டக் கூடாது, 2 செ.மீ. கட்டை வைத்துத் தள்ளி நிறுத்துங்கள். மானிட்டர்களை 40 டிகிரி வரையிலான அறைச் சூட்டுக்குத்தான் தயாரிக்கிறார்கள். நம் ஊர் மே மாதத்தில் வெளியிலேயே அதைத் தாண்டுகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, மேற்குச் சுவர் இவை இரண்டும் வேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

எடை: 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. 60 x 40 செ.மீ. துண்டு 3 கிலோ வரும். அதே அளவு 3 மி.மீ. அக்ரிலிக் 900 கிராம்கூட இல்லை. திரை, மரம் எல்லாம் சேர்த்து 7, 8 கிலோ ஆகும்போது ஒற்றை ஆணியில் தொங்கவிட முடியாது. ஒரு பலகையை 45 டிகிரி சாய்வில் நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைச் சுவரில் ஸ்க்ரூ செய்து, மறு பாதியைப் பெட்டியின் முதுகில் தலைகீழாகப் பொருத்தினால் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். கழற்றி மாட்டவும் சுலபம், அது அடிக்கடி தேவைப்படும். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை போகும் நீள ஸ்க்ரூவும் ரா பிளக்கும் போடுங்கள்.

உள்பக்கம் முழுவதும் மேட் கறுப்பு. பளபளக்கும் எனாமல் அடித்துவிடாதீர்கள். திரை இல்லாத இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புச் சார்ட் அட்டையை ஒட்டிவிட்டால் முன்னாலிருந்து திரை எங்கே முடிகிறது என்றே தெரியாது.

கேள்வி: இரவில் விளக்கை அணைத்தால் திரையின் செவ்வகம் சாம்பல் நிறத்தில் அப்படியே தெரிகிறது. செங்குத்தாக வைத்தபின் ஒரு பக்கம் இருண்டும் தெரிகிறது. மானிட்டர் கெட்டுவிட்டதா?
(கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: கெடவில்லை, அதன் சுபாவமே அதுதான். எல்சிடி திரை கறுப்பைக் காட்டும்போதும் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, கொஞ்சம் ஒளி கசியும். ஐபிஎஸ் என்ற வகைப் பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1000 மடங்கு, விஏ என்ற வகையில் 3000 மடங்கு. ஆக, புதிதாக வாங்குவதென்றால் விஏ. கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க, இரவில் மட்டும் மானிட்டரின் பிரைட்னஸைக் குறையுங்கள். கான்ட்ராஸ்டைத் தொடாதீர்கள், அது எழுத்தைத்தான் மங்கவைக்கும். ஆளில்லாதபோது திரையே அணைந்துவிடும்படி செய்வதுதான் முழுத் தீர்வு. அது கீழே ஒரு பதிலில் வருகிறது.

ஒரு பக்கம் இருளுவது டிஎன் என்ற இன்னொரு வகைப் பேனலின் அடையாளம். அது கீழிருந்து பார்த்தால் இருண்டு போகும் வகை. நீங்கள் செங்குத்தாக நிறுத்தியதும் அந்தக் 'கீழ்' உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஆகிவிட்டது. மறுபுறமாகச் சுழற்றி மாட்டுங்கள். அறைக்குள் வருகிறவர் நடந்து வரும் பக்கம் நல்ல பக்கமாக அமைந்தால் போதும்.

பழைய மானிட்டர் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, கரன்ட் அடாப்டர் வெளியே தனியாக இருக்கும் மாடலா? அப்படியென்றால் மரப்பெட்டிக்குள் 12 அல்லது 19 வோல்ட்தான் போகும். உள்ளேயே பவர் சப்ளை இருந்தால் அதன் தகர மூடியைக் கழற்றவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். பின்விளக்குக்கு எல்இடிக்குப் பதில் குழல் விளக்கு உள்ள பழைய மாடல்களில் பல நூறு வோல்ட் ஓடும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டாவதைப் பலரும் பார்ப்பதில்லை. ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுங்கள். தானாக எரிய வேண்டும். பட்டனை அழுத்தினால்தான் எரியும் என்றால், ஒவ்வொரு மின்தடைக்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து இறக்க வேண்டியிருக்கும்.

லேப்டாப் பேனலும் அருமையாக வேலை செய்யும், மெல்லியது. பேனலின் முதுகில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லி அதற்கேற்ற கன்ட்ரோலர் போர்டு (பேனலை இயக்கும் சுற்று அட்டை) வாங்க வேண்டும். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். வேலூரில் லாங்கு பஜார், சாரதி மாளிகைப் பக்கம் தேடினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: எந்த ராஸ்பெர்ரி பை வாங்குவது? பழைய டேப்லெட்டே போதாதா?
(வாசகர், வாணியம்பாடி)

பதில்: ராஸ்பெர்ரி பை என்பது பெட்டிக்குள் வைக்கும் அந்தச் சின்ன கம்ப்யூட்டர். பை 4, 2 ஜிபி போதும். கையில் பை 3 இருந்தால் அதுவும் ஓடும், மாட்யூல்களை (திரையில் வரும் கடிகாரம், வானிலை போன்ற தனித்தனிப் பகுதிகளை) குறைத்துக்கொள்ளுங்கள். ஜீரோ 2 டபிள்யூவில் 512 எம்பி நினைவகம்தான், திணறும். பை 5 வேகமானது, ஆனால் அதற்கேற்பச் சூடும் அதிகம். மூடிய மரப்பெட்டிக்கு அவ்வளவு வேகம் எதற்கு? பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் கொடுங்கள். போன் சார்ஜரில் ஓட்டினால் திரையில் மின்னல் குறி வந்து வந்து போகும். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். தானே ரீஸ்டார்ட் ஆவதற்கும் மெமரி கார்டு கெடுவதற்கும் அதுதான் ஆரம்பம். பை 4-இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ இருக்கும், பவர் துளைக்குப் பக்கத்தில் இருப்பதில் சொருகுங்கள்.

டேப்லெட்டில் பிரவுசரை முழுத்திரையில் வைத்து ஓட்டலாம். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் சார்ஜில், சூடான பெட்டிக்குள் கிடக்கும் பேட்டரி உப்பும். அது கண்ணாடியைத் தள்ளும், தீப்பிடிக்கவும் கூடும். எங்கள் ஓட்டு டேப்லெட்டுக்கு இல்லை.

கேள்வி: மேஜிக்மிரர் போட்டுவிட்டேன். ஆங்கிலம் நன்றாக வருகிறது. தமிழ் மட்டும் கட்டம் கட்டமாக வருகிறது. மொழியைத் தமிழுக்கு மாற்றினால் மணி ௧, ௨, ௩ என்று வருகிறது. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.
(வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: மற்ற வாசகர்களுக்காக: மேஜிக்மிரர் என்பது நெதர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் டீவ் தொடங்கிவைத்த இலவசத் திறமூல மென்பொருள். கடிகாரம், காலண்டர், வானிலை, செய்தி, வாழ்த்து வரிகள் என ஒவ்வொன்றும் தனித்தனி மாட்யூல். எது எந்த மூலையில் வர வேண்டும் என்பதை ஒரே கான்ஃபிக் கோப்பில் எழுதுகிறோம்.

கட்டம் வருவது எழுத்துரு இல்லாததால். ராஸ்பெர்ரி பையில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதோடு வேலை முடியாது. இந்த மென்பொருள் இயல்பாகவே மிக ஒல்லியான எழுத்தைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழின் சுழிகள் கண்ணாடிக்குப் பின்னால் காணாமல் போய்விடும். தோற்றத்தை மாற்றும் கஸ்டம் சிஎஸ்எஸ் (custom.css) கோப்பில் எழுத்துருவின் கனத்தை 500 அல்லது 600 ஆக்குங்கள், நிறத்தைச் சாம்பலிலிருந்து முழு வெள்ளைக்கு மாற்றுங்கள். பெரிய எழுத்துகளுக்கு வரி உயரம் 1 என்று இருக்கும். அதில் 'கி'யின் மேல்விலங்கும் 'கூ'வின் வாலும் அடுத்த வரியோடு மோதும். 1.4 வையுங்கள்.

காலண்டரில் தலைப்புகள் பாதியில் வெட்டுப்படுகிறதா? அதிகபட்ச நீளம் 25 என்று இருப்பதுதான் காரணம். புள்ளியோ துணைக்குறியோ சேர்ந்த எழுத்தைக் கணினி இரண்டாக எண்ணும். 'மின்தடை' நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஏழு. 50 ஆக உயர்த்துங்கள்.

இனி எண்கள். மொழியைத் தமிழ் என்று வைத்தால், உள்ளே தேதியைக் கையாளும் நிரல் தமிழ் எண்களுக்கே மாறிவிடுகிறது. பன்னிரண்டு மணிக் கணக்கில் வைத்தால் பிற்பகலில் 'எற்பாடு' என்றும் போடும்! புலவர் வீடாக இருந்தால் விட்டுவிடலாம். மற்றவர்கள் மொழியை ஆங்கிலமாகவே விட்டு, கடிகாரத்தில் தேதி காட்டுவதை நிறுத்திவிட்டு, கிழமையையும் தேதியையும் காட்ட ஒரு சின்ன மாட்யூல் எழுதிக்கொள்ளுங்கள். பத்து இருபது வரிதான். ஜாவாஸ்கிரிப்டின் தேதி வசதியில் தமிழ்-இந்தியா என்ற குறியீட்டைக் கொடுத்தால் கிழமையும் மாதமும் தமிழிலும், எண்கள் வழக்கமான வடிவிலும் வரும். நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

சித்திரை, வைகாசி என்று தமிழ்த் தேதி வேண்டுமென்றால் எச்சரிக்கை: அதே வசதியில் இருக்கும் 'இந்திய நாட்காட்டி' இந்திய அரசு பயன்படுத்தும் 'சக' ஆண்டுக் கணக்கு. அது மார்ச் 22 வாக்கில் தொடங்கும், நம் மாதங்களோடு பொருந்தாது. வருடத்துக்கு ஒருமுறை, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்து, பன்னிரண்டு மாதங்களும் பிறக்கும் ஆங்கிலத் தேதிகளை ஒரு பட்டியலாக எழுதி வைத்துவிடுங்கள். மீதியை நிரல் எண்ணிக்கொள்ளும். மாதம் பிறக்கும் நாள் வருடத்துக்கு வருடம் ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதால் போன வருடப் பட்டியல் ஆகாது.

வாழ்த்து மாட்யூலில் 'யூ லுக் நைஸ்' வகை வரிகளுக்குப் பதில் குறள் வைக்கலாம். காலை, மதியம், மாலை என மூன்று பட்டியல் உண்டு. 1330-ஐயும் ஏற்றினால் அரை நிமிடத்துக்கு ஒரு குறள் மாறிக்கொண்டே இருக்கும், யாரும் படித்து முடிக்க முடியாது. மாறும் இடைவெளியை ஒரு மணி நேரமாக்குங்கள்.

கேள்வி: இணையத்தில் பார்த்த வழிமுறைப்படி வானிலை போட்டேன். வரவே இல்லை. அதைத் திருத்தப் போய் இப்போது முழுத் திரையும் கறுப்பு.
(வாசகர், அரக்கோணம்)

பதில்: கறுப்புத் திரைக்குக் காரணம் அநேகமாக ஒரு காற்புள்ளி. மாட்யூல் ஒவ்வொன்றின் அடைப்புக்குப் பின்னும் அது வேண்டும். கான்ஃபிக் கோப்பைச் சரிபார்க்கும் கட்டளை மென்பொருளோடே வருகிறது. அதை ஓட்டினால் எந்த வரியில் பிழை என்று சொல்லிவிடும். போனில் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தால் வளைந்த மேற்கோள் குறிகள் நுழைந்திருக்கும், அவற்றையும் நேராக்குங்கள்.

வானிலைக்குப் பழைய வழிமுறைகள் ஓபன்வெதர்மேப் சேவையின் இலவசச் சாவியை (ஏபிஐ கீ எனும் அடையாளக் குறியீட்டை) பெறச் சொல்லும். அவை நம்பியிருந்த, அந்தச் சேவையின் ஒன் கால் 2.5 பதிப்பு 2024-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஓபன்-மீட்டியோ என்ற சேவைக்கு மாற்றுங்கள், சாவியே தேவையில்லை. ஊர்ப் பெயருக்குப் பதில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கேட்கும். வேலூருக்கு 12.92, 79.13. அரக்கோணத்துக்கு வரைபடத்தில் உங்கள் தெருவை அழுத்திப் பிடித்து எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆள் வந்தால் மட்டும் எரியும்படி பிஐஆர் சென்சார் வைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வேலையே செய்யவில்லை. வெளியே வைத்த பிறகு குளிர்காலத்தில் நன்றாக இருந்தது, இப்போது வெயில் காலத்தில் மூஞ்சிக்கு நேரே நின்றாலும் கண்டுகொள்வதில்லை.
(வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பிஐஆர் பார்ப்பது உடம்புச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை. அந்தக் கதிர் கண்ணாடியிலும் அக்ரிலிக்கிலும் நுழையாது. அதனால் வெளியே, அடிச்சட்டத்தில் துளை போட்டு வைத்ததுதான் சரி. அடுத்தது, அது அளப்பது உடம்புக்கும் பின்னணிக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை. அறைச் சுவரே 36, 37 டிகிரிக்கு வந்துவிட்டால் உங்களுக்கும் சுவருக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. பகல் இரண்டு மணிக்குத் தூங்கிவிட்டு விடியற்காலையில் விழித்துக்கொள்ளும்.

தீர்வு, எல்டி 2410 போன்ற 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார். மரத்தையும் பிளாஸ்டிக்கையும் ஊடுருவும், சூடு அதற்குப் பொருட்டில்லை. ஆனால் உலோகப்பூச்சு அதை மறைக்கும் என்பதால் கண்ணாடிக்குப் பின்னால் வேண்டாம், மரச்சட்டத்துக்குப் பின்னால் வையுங்கள். இதற்கும் ஒரு வம்பு உண்டு. சுழலும் சீலிங் ஃபேனையும் ஆடும் திரைச்சீலையையும் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். அதன் ஆப்பில் தூரத்தை ஒன்றரை மீட்டருக்குக் குறைத்து, உணர்திறனையும் ஒவ்வொரு படியாக இறக்குங்கள்.

பிஐஆரையே வைத்துக்கொள்பவர்களுக்கு: எச்சி-எஸ்ஆர்501 வகைக்கு 5 வோல்ட் கொடுத்தாலும் வெளியீடு 3.3 வோல்ட்தான், நேரே பையில் இணைக்கலாம். மின்சாரம் வந்த முதல் ஒரு நிமிடம் கண்டபடி காட்டும், பொறுங்கள். அதிலுள்ள நேரத் திருகைக் குறைந்த அளவில் வைத்து, எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை மென்பொருளில் முடிவு செய்யுங்கள். வைஃபை அலையாலும் அது குழம்பும், பையிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

திரையை அணைக்கவும் செங்குத்தாகத் திருப்பவும் பழைய வீடியோக்கள் சொல்லும் கட்டளைகள் 2023-க்குப் பின் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் பலிக்காது. திரையைக் கையாளும் அடித்தளம் வேலண்டுக்கு மாறிவிட்டது. திருப்புவதற்கு மெனுவில் உள்ள ஸ்க்ரீன் கான்ஃபிகரேஷன் போதும். அணைக்க 'டபிள்யூஎல்ஆர்-ரேண்ட்ஆர்' (wlr-randr) என்ற கட்டளை இருக்கிறது, சென்சார் மாட்யூலில் அதைக் கொடுங்கள். சிக்னல் நின்றதும் தூங்காமல் நீலத் திரை காட்டும் மானிட்டர்களும் உண்டு. வாங்கும்போதே எச்டிஎம்ஐ வயரைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் போய் வந்தால் சில நேரம் பை பூட் ஆவதே (இயங்கத் தொடங்குவதே) இல்லை. பூட் ஆகும்போதும் மணி தவறாகக் காட்டுகிறது.
(வாசகர், போளூர்)

பதில்: எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெமரி கார்டில் உள்ள கோப்பு பாதியில் நின்றுவிடும். எல்லாம் அமைத்து முடித்தபின் பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக் (raspi-config) நிரலில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள். அதன்பின் கார்டில் எதுவும் எழுதப்படாது, எத்தனை முறை கரன்ட் போனாலும் கவலையில்லை. மாற்றம் செய்ய வேண்டுமானால் அதை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, திருத்திவிட்டு மறுபடி இயக்க வேண்டும். மறந்து திருத்தினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் எல்லாம் காணாமல் போகும். இப்போதைய கார்டை ஒரு நகல் எடுத்தும் வையுங்கள்.

மணி தவறுவதற்குக் காரணம், பை 4 வரை அவற்றில் பேட்டரிக் கடிகாரம் இல்லை. கரன்ட் வந்ததும் பை எழுந்துவிடும், ரவுட்டர் எழ இரண்டு நிமிடம் ஆகும். இன்டர்நெட் கிடைக்கும்வரை பழைய மணிதான். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று சேர்த்தால் தீர்ந்தது. அதை 3.3 வோல்ட் பின்னில் இணையுங்கள். சில போர்டுகளில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கும். சார்ஜ் செய்யக் கூடாத சிஆர்2032 பேட்டரி போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி வீங்கும்.

கேள்வி: கேமரா வைத்து முகம் பார்த்து ஆளுக்கு ஆள் வேறு திரை காட்டச் செய்யலாமா?
(கல்லூரி மாணவி, வேலூர்)

பதில்: செய்யலாம், ஆனால் தேவையா என்று யோசியுங்கள். உடை மாற்றும் அறையில் கேமரா கூடவே கூடாது. ஹாலில் வைப்பதென்றாலும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வையுங்கள். கண்ணாடி தடுக்கும் வெளிச்சத்தால் படமும் இருண்டுதான் வரும். ஒரு பட்டன் வைத்து அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று பக்கம் மாற்றுவது மலிவு, தவறவும் தவறாது. இன்னொன்று: கூகுள் காலண்டரின் ரகசிய முகவரியைக் கான்ஃபிக்கில் போடுகிறோம் அல்லவா? உதவி கேட்டு அந்தக் கோப்பை யாருக்காவது அனுப்பும்போது அந்த வரியை அழித்துவிட்டு அனுப்புங்கள். அது கிடைத்தவர் உங்கள் நாட்குறிப்பு முழுவதையும் படிக்கலாம்.

கேள்வி: சலூன் வைத்திருக்கிறேன். டோக்கன் நம்பரும் காத்திருக்கும் நேரமும் கண்ணாடியிலேயே தெரிய வேண்டும். கண்ணாடியைச் சுற்றி எல்இடி விளக்கு இருக்கிறது.
(வாசகர், திருப்பத்தூர்)

பதில்: முடிவெட்டும் கண்ணாடியில் வேண்டாம். அந்த விளக்கு வெளிச்சத்தில் எழுத்து எடுபடாது. இருவழிக் கண்ணாடியில் முகமும் சாதாரணக் கண்ணாடியைவிட ஒரு பங்கு மங்கலாகத்தான் தெரியும், உங்கள் தொழிலுக்கு அது இடைஞ்சல். காத்திருப்போர் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே, விளக்கு நேரே விழாத சுவரில் தனியாக ஒன்று வையுங்கள். டோக்கன் எண் குறைந்தது 5 செ.மீ. உயரம், வெள்ளை நிறம். சிவப்பும் நீலமும் கண்ணாடி வழியே வரும்போது பாதி செத்துவிடும். எண்ணைக் கூட்ட, பையின் யுஎஸ்பியில் சொருகும் சின்ன நம்பர் கீபேடு ஒன்று போதும். ஈரக் கையோடு தொடுவீர்கள் என்பதால் மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள். அக்ரிலிக் வைத்தால் ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் அதன்மேல் படக் கூடாது, மயிரிழை விரிசல் விடும். சோப்புத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் மட்டும்.